வசிய டாக்டரின் குரல்

அந்தத் தொடரில் வரும் டாக்டர் யாரையும் தொடமாட்டார். எதிரே உட்காருவார், மேசை விளக்கைச் சற்றுத் தாழ்த்துவார், பேசுவார். அவ்வளவுதான். எதிரே இருப்பவள் எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரியாக இருந்தாலும் நாலு வாக்கியத்தில் கண் சொருகிவிடும். விழித்ததும் அவரைப் பார்த்து, "உங்களை விட்டு நான் எங்கே போவேன்?" என்பாள். வாரத்துக்கு ஒருத்தி இப்படி மனோவசியத்தில் விழுவாள். வெளிநாட்டில் எடுத்த தொடர் அது. அதைத் தமிழில் பேசவைக்கும் வேலை கமாவுக்கு வந்து சேர்ந்தது.

கமா என்பது ஸ்டுடியோவில் அவளுக்கு வைத்த பெயர். டப்பிங் வசனம் எழுதுகிறவள். திரையில் இருப்பவரின் வாய் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுவாள். அவர் மூச்சுவிடும் இடத்திலெல்லாம் ஒரு கமா போட்டுவைப்பாள். பேச வருகிறவர்கள் தாளைப் பார்த்துவிட்டு, "மேடம், பருப்பைவிடக் கல்லு அதிகமா இருக்கே" என்பார்கள். நாளடைவில் பெயரே கமா மேடம் ஆகிவிட்டது. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்தாள்.

டாக்டராக நடித்தவர் சரியான கல்லுளிமங்கன். முகத்தில் ஒரு தசை அசையாது. உதடு மட்டும் அசையும், அதுவும் அளந்து அசையும். அவர் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லும் முக்கியமான வாக்கியத்தில், நடுவே உதடுகள் ஒரு தடவை அழுத்தி மூடித் திறக்கும். "நீ என்னைக் காதலிக்கிறாய்" என்று எழுதினால் வாய் மூடும் இடத்தில் 'லி' வந்து நின்றது. "நேசிக்கிறாய்" என்றாலும் அதே கதி. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டபிறகு, "நீ என்னை விரும்புகிறாய்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். 'ம்பு' என்ற இடத்தில் அவர் உதடும் மூடியது. சட்டைக்குப் பித்தான் போட்டதுபோல் பொருந்திவிட்டது. கமாவுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

வசனம் கிடைத்துவிட்டது, குரல் கிடைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நல்ல குரல்காரர்கள்தான். ஆனால் மயக்க வேண்டும் என்றதும் குரலைக் குழைத்து, வாசனைத் தைலம் விற்பவர்கள்போல் பேசினார்கள். கடைசியில் சவுண்ட் இன்ஜினியர்தான் ஒரு யோசனை சொன்னார்.

"என் வீட்டுக்காரிக்கு ஒருத்தர் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறார். அவர் பேசறதைக் கேட்டா, எதிர்ல லாரி வந்தாலும் நமக்குக் கொட்டாவிதான் வரும். கூட்டிட்டு வரட்டுமா?"

அப்படி வந்தவர்தான் மாஸ்டர். ஒரு டிரைவிங் ஸ்கூலில் பல வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறவர். ஒல்லியான ஆள், காதோரம் நரை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. மைக் முன்னால் நின்றதும் சாவிக்கொத்தை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார்கள். பிறகு பேசச் சொன்னார்கள். நடுங்குகிற ஜனங்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் நடுக்கம் தன்னைத் தொற்றாமல் காலமெல்லாம் பேசிப் பழகிய குரல் அது. குழைவு இல்லை. அவசரம் இல்லை. "உன் கைகள் கனக்கின்றன" என்று அவர் சொன்னபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் தன் கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். பரபரப்பான கட்டங்களில் மாஸ்டரின் கால் தானாகவே தரையை மிதித்தது. பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டல்லவா, அந்தப் பழக்கம். 'டொக்' என்று மைக்கில் கேட்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே ஒரு போர்வையை மடித்துப் போட்டார்கள். அதன்பிறகு தொடர் வழுக்கிக்கொண்டு ஓடியது.

பெண்களுக்குக் குரல் கொடுக்கிறவர்கள் தனியாக வேறு நாளில் வருவார்கள். அதனால் மாஸ்டர் பேசும்போது எதிர்வசனத்தைப் படித்துக்காட்ட ஒரு ஆள் வேண்டும். கமாவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தச் சின்ன அறையின் சுவர்களில் ஒலி மோதாமலிருக்க எங்கும் பஞ்சு ஒட்டியிருந்தது. வெளியே கேட்கும் சத்தத்துக்கு அங்கே வழியே இல்லை. காதுக்குள் அந்தக் குரல் மட்டும்தான். "கண்ணை மூடு. என் குரல் மட்டும் கேட்கட்டும். நீ, என்னை, விரும்புகிறாய்." கமா படிக்க வேண்டிய பதில்: "ஆமாம்."

முதல் வாரம் அதை வேலையாகத்தான் படித்தாள். இரண்டாம் வாரம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள். மூன்றாம் வாரம், மூலத்தில் டாக்டர் வாயே திறக்காத ஒரு காட்சிக்கு மூன்று வரி எழுதிவைத்தாள்.

அடுத்த வாரமும் அப்படி எழுதியபோது இன்ஜினியர் விடவில்லை. "மேடம், இங்க அந்த ஆள் பேசவே இல்லையே?"

"முதுகைக் காட்டிட்டுதானே நிக்கறார்? பேசினார்னு வெச்சுக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"அது சரி. போன வாரமும் முதுகுதான் பேசிச்சு" என்று சொல்லிவிட்டு அவர் தன் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டார்.

மைக்கை விட்டு வெளியே வந்தால் மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். டீ குடிக்கும்போது யாராவது கேட்டால், தன்னிடம் கற்றுக்கொள்கிறவர்களைப் பற்றி ஒன்றிரண்டு சொல்வார். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு பேராசிரியர். ஹார்ன் அடித்துவிட்டு, அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கும் ஒரு அம்மா. தன்னைப் பற்றிக் கேட்டால், "மனைவி விவாகரத்து வாங்கிட்டுப் போய் ரொம்ப வருஷமாச்சு" என்பார். ஏன் என்று இன்ஜினியர் ஒருநாள் கூச்சமில்லாமல் கேட்டுவிட்டார்.

"உங்ககிட்ட சண்டை போடவே முடியல, பாதியில தூக்கம் வந்துடுதுன்னு சொன்னாங்க. நிஜமாவே சொன்னாங்க. நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக்கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். கமா சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் அவரே கமாவிடம் வந்து கேட்டார். "மேடம், ஒரு சந்தேகம். இந்த நர்ஸ் பொண்ணு டாக்டரை விரும்பறதா எழுதியிருக்கீங்க. அவளுக்கே விருப்பமா, இல்ல இவர் சொன்னதால வந்துதா? தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி பேசுவேன்."

கமா தாளைப் புரட்டினாள். "மூலத்துல தெளிவா இல்ல மாஸ்டர்" என்று சமாளித்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

அக்காவுக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்க வருகிறவர்களை உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே தொனியில்தான் பேசுவாள். மாமாவோ, செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துவைத்துக்கொண்டு அதன் ஓரமாகத் தொடர் பார்ப்பவர். கேட்டால், "இந்தக் கண்றாவியை எவன் பார்ப்பான்?" என்பார். விளம்பரம் வந்தால் மட்டும் படிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. கமா துணி மடித்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, இந்த டாக்டருக்குக் குரல் கொடுக்கறவர் இருக்காரில்ல..."

"ம். தங்கமான குரல்."

"அவரை எனக்குப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு. உங்க மாமாவுக்கும் பிடிச்சிருக்கு. தெருவுல பாதிப் பேருக்குப் பிடிச்சிருக்கு."

"அப்படி இல்லக்கா."

அக்கா ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். "மறுபடியுமா?" என்றாள். "உனக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எல்லாரும் காதல்ல விழுவாங்க. நீ காதுல விழறடி."

செய்தித்தாள் லேசாகக் குலுங்கியது. மாமா சிரிக்கிறார் என்று அர்த்தம். கமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா எதைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

இருபதுகளில் அவளுக்கு ரேடியோவில் பேசும் ஒருவனோடு பழக்கம் இருந்தது. காலை நிகழ்ச்சியில் அவன் பேசினால் ஊரே பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும். கமாவும் அப்படித்தான் கேட்டாள், பிறகு பார்த்தாள், பிறகு வருஷக்கணக்கில் அவன் பின்னால் திரிந்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவனுக்குப் போன் செய்தாள். "இருட்டு எவ்வளவு நீளமா இருந்தாலும் சரி, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் இருக்கேன்" என்றான். கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்தபிறகுதான், போன வாரம் யாரோ ஒரு நேயருக்கு அவன் வானொலியில் சொன்ன அதே வாக்கியம் அது என்பது நினைவுக்கு வந்தது. ஒரு சொல் மாறவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவன் வரவும் இல்லை. அப்பா வீடு திரும்பினார். அவள் அவனிடம் திரும்பவில்லை.

அதனால்தான் இப்போது பயமாக இருந்தது. அதிலும் இந்தத் தடவை கூத்து இன்னும் பெரிது. மாஸ்டர் சொல்கிற வாக்கியங்கள் மாஸ்டருடையவைகூட இல்லை, அவளே எழுதிக்கொடுத்தவை. தான் கேட்க ஆசைப்பட்டதை எல்லாம் தானே எழுதி, ஒரு நல்ல மனுஷன் வாயில் போட்டு, கேட்டு மயங்கிக்கொண்டிருக்கிறோமோ? அப்படியென்றால் மயக்குகிறவர் யார், மயங்குகிறவர் யார்? இரண்டும் தானேயா? நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அக்கா பேச்சோடு விடுகிறவள் இல்லை. "என் கடைக்கு ஒரு டாக்டரம்மா வருவாங்க. ஊசிக்குப் பயப்படறவங்க, பல் பிடுங்கப் பயப்படறவங்க, இவங்களுக்கெல்லாம் நிஜமாவே ஹிப்னாடிசம் பண்றவங்க. போய்ப் பாரு. வசியம்னா எடுத்துவிடட்டும். இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சுடும்ல?"

வசியத்தை என்னவோ காலில் தைத்த முள்போல அக்கா பேசியது கமாவுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள்.

டாக்டரம்மாவின் அறையில் விளக்கைத் தாழ்த்தும் வேலையெல்லாம் இல்லை. ஜன்னல் வழியாகப் பளீரென்று வெயில். மேசையில் பாதி குடித்த காப்பி. அம்மாவின் குரலோ, தகர டப்பாவில் ஆணியைப் போட்டு உருட்டியதுபோல் இருந்தது. போதாததற்கு ஜலதோஷம் வேறு. கமா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒருத்தரை ஹிப்னாடிஸ் பண்ணி, காதலிக்க வைக்க முடியுமா டாக்டர்?"

டாக்டரம்மா தும்மிவிட்டுச் சிரித்தார். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் இதைத்தாம்மா கேக்கறாங்க. சிலர் யாரையாவது விழவைக்கணும்னு வருவாங்க, சிலர் விழுந்துட்டேன் தூக்கிவிடுங்கன்னு வருவாங்க. சினிமாக்காரங்களும் தொடர்க்காரங்களும் சேர்ந்து எங்க பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டாங்க. இப்ப ஒண்ணு ஓடுதே, கண்றாவி, விளக்கைத் தாழ்த்திட்டுப் பேசுவானே ஒருத்தன்..."

"அதுக்கு வசனம் எழுதறது நான்தான்."

டாக்டரம்மா கைக்குட்டையை இறக்கினார். "அட! போன வாரம் பார்க்க முடியாம போச்சு. அந்த நர்ஸ் பொண்ணு என்ன ஆனா?"

நர்ஸ் பெண்ணின் கதையைச் சொல்லி முடித்தபிறகுதான் வைத்தியம் ஆரம்பமானது. சும்மா உட்காரச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, அந்தத் தகரக் குரலிலேயே ஏதேதோ மெல்லச் சொல்லிக்கொண்டு போனார். இந்தக் குரலுக்கு எங்கே மயக்கம் வரப்போகிறது என்று கமா நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்துக்கொண்டே இருந்தவளுக்குத் தோள் தளர்ந்தது, தாடை தளர்ந்தது, தெருச் சத்தம் தூரமாகப் போயிற்று. கண் விழித்தபோது காப்பியில் ஆடை படிந்திருந்தது.

"பார்த்தியா? இவ்வளவுதான். குரல் ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார் டாக்டரம்மா. "உனக்கு ஓய்வு வேணும்னு இருந்துது, நான் வழி விட்டேன். வேணாம்னு இருக்கறவங்க மனசுல என்னால ஒரு கடுகைக்கூடப் போட முடியாது. ஊசி பயம் போகணும்னு அவங்களுக்கே ஆசை இருந்தாதான் போகும்."

"அப்ப என்னோடது... நிஜமா டாக்டர்?"

"அதை என்கிட்ட கேட்டா? நான் பல் வலிக்காரங்களோட மாரடிக்கறவ." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "நீ எழுதிக்கொடுத்ததைப் பேசாத நேரத்துல அந்த மனுஷன் எப்படி இருக்கார்னு பார்த்திருக்கியா? அதைப் பாரு முதல்ல. வேலை நேரத்துல, எரிச்சல்ல, பசியில. அப்பறம் சொல்லு."

மறுநாளே கமா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். காலை வகுப்பு. மாஸ்டர் அவளைப் பார்த்துவிட்டு, "நீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அவர் காது மடல் சிவந்ததை அவள் கவனித்தாள். கவனிக்கத்தானே வந்திருந்தாள்.

துணைக்கு அக்கா. "நானும் வருவேன். ஆள் எப்படின்னு நான் பார்க்கவேண்டாமா?" என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பழைய ரெக்சின் வாடை. கியர் பிடியில் எத்தனையோ பேர் பயந்து பயந்து பிடித்ததில் எண்களெல்லாம் அழிந்துபோயிருந்தன.

"கிளட்சை மிதிங்க. முழுசா மிதிங்க. இப்ப முதல் கியர். மெதுவா விடுங்க, அது உங்ககூட சண்டைக்கு வரல. ஆங், அவ்வளவுதான்."

வண்டி துள்ளியது, நின்றது. பின்னால் ஒருவர் ஹார்ன் மேலேயே படுத்துவிட்டார். கமாவின் கைகள் வழுக்கின.

"பின்னாடி ஹார்ன் அடிக்கறவர் அவர் வேலையைப் பார்க்கறார். நாம நம்ம வேலையைப் பார்ப்போம்" என்றார் மாஸ்டர்.

இந்த வாக்கியத்தை நாம் எழுதிக்கொடுக்கவில்லை என்று கமா மனதுக்குள் குறித்துக்கொண்டாள். இரண்டாவது தெரு திரும்பும்போது பின்சீட்டிலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது. ஆளை எடைபோட வந்த அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

வகுப்புகள் நடந்தன. கமா பார்த்துக்கொண்டே வந்தாள். பசித்தால் மாஸ்டர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். சிக்னலில் யாராவது திட்டினால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். குறுக்கே ஓடும் நாய்களை மட்டும் ஒருமையில் திட்டுவார், அதையும் அன்பாகத் திட்டுவார். இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. இருந்தாலும் எல்லாமே அந்தக் குரலில் வந்ததால் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம். கமா தைரியமாகத்தான் திருப்பினாள். சந்துக்குள்ளிருந்து ஒரு பால் வேன் பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தது, நேரே அவள் கதவை நோக்கி. கமா பிரேக்கை மிதித்தாள். மிதித்தது பிரேக் இல்லை. கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது.

"ஐயோ! பிரேக்! பிரேக்கும்மா! ஐயய்யோ!"

கீச்சென்ற ஒரு குரல். யார் கத்தினார்கள் என்று முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. காருக்குள் ஒரு சேவல் புகுந்துவிட்டதுபோல் இருந்தது. மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்த மிதியில் கார் முக்கி முனகி நின்றது. அவருடைய கை அவளுக்கு முன்னால் குறுக்கே நீண்டிருந்தது. வேன் ஒரு சாண் தள்ளி நின்றது. வேன்காரர் தலையை நீட்டி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வழியே போனார். பின்சீட்டில் தூக்கம் கலைந்த அக்கா, "என் கண்ணாடி! என் கண்ணாடி எங்கடி?" என்று கீழே தடவிக்கொண்டிருந்தாள்.

காரை ஓரம் கட்டினார்கள். அக்காவுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்ததால் அவள் காருக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தாள். மாஸ்டரும் கமாவும் இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் டீயைத் தூக்கப் போனார், கொஞ்சம் சிந்தியது. டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டார்.

"மன்னிச்சுடுங்க மேடம்." தொண்டை கட்டிப்போய்க் கரகரவென்று வந்தது. "இத்தனை வருஷத்துல நான் கத்தினதே இல்ல."

"லாரி எதிர்ல வந்தப்பகூடவா?"

"ரெண்டு தடவை வந்திருக்கு. அப்பவும், மெதுவா பிரேக்கை மிதிங்கன்னுதான் சொன்னேன்."

"இன்னிக்கு என்ன ஆச்சு?"

அவர் ரோட்டைப் பார்த்தார். சந்தையிலிருந்து ஜனங்கள் பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். "வேன் உங்க பக்கமா வந்துது" என்றார்.

அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார். அந்தக் கரகரப்பில் பாதி வார்த்தைகள் காற்றாகவே வந்தன.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதறதை நான் வீட்லயும் பேசிப் பார்ப்பேன். ஆரம்பத்துல கண்ணாடியைப் பார்த்துப் பேசினேன். அப்பறம் பார்த்தா, பேசறது உங்ககிட்டங்கற மாதிரியே ஆயிடுச்சு. நான் இப்படியெல்லாம் பேசற ஆளே இல்ல மேடம். இது எனக்கு வந்ததா, உங்க வசனம் என்னைப் பிடிச்சு ஆட்டுதான்னு தெரியல. அதனாலதான் வாயே திறக்கல."

கமாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. மாஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. அவள் அவசரமாகக் கையை ஆட்டினாள்.

"இல்ல இல்ல, உங்களைப் பார்த்துச் சிரிக்கல. இதே சந்தேகத்துக்கு நான் ஒரு டாக்டர்கிட்டயே போயிட்டு வந்துட்டேன்."

"டாக்டர்கிட்டயா? என்ன சொன்னாங்க?"

"நர்ஸ் பொண்ணு என்ன ஆனான்னு கேட்டாங்க."

மாஸ்டரும் சிரித்தார். தொண்டை கட்டிய சிரிப்பு, நாற்காலியை இழுக்கிற சத்தம்போல். கமா அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். குரல் போயிருந்தது. நரைத்த காதோரம், வியர்த்த நெற்றி, டீயைக்கூடத் தூக்க முடியாத கை. தூங்கவைக்கிற எதுவும் அங்கே இல்லை. அவளுக்கு நன்றாக விழிப்பாக இருந்தது. அந்த விழிப்பில், இந்தக் கையை எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மாஸ்டர், இனிமே என்கிட்ட பேசும்போது நீங்களே யோசிச்சுப் பேசுங்க. தப்பும் தவறுமா இருந்தா பரவாயில்ல."

"சரி" என்றார். பிறகு வெகுநேரம் யோசித்து, "டீ ஆறுது" என்றார்.

அதற்குள் அக்கா கண்ணாடியைக் கண்டுபிடித்து, ஒரு பக்கம் விரிசல் விட்டதை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இருவர் கையையும் பார்த்தாள். பார்க்காததுபோல் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், இப்ப ஒரு கத்து கத்தினீங்களே, அது உங்க சொந்தக் குரலா?"

"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? இவ்வளவு நாளா நீங்க மனுஷனா டேப்ரெக்கார்டரான்னே எனக்குத் தெரியல. இப்பதான் நிம்மதி." கடைக்காரரைப் பார்த்து, "எனக்கும் ஒரு டீ, சூடா" என்றாள்.

தொண்டை சரியாக ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் டப்பிங் நடக்கவில்லை. இன்ஜினியர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தொடரின் கடைசிப் பகுதி வந்தது. அதில் டாக்டர், தான் மயக்கிய எல்லாரையும் ஒவ்வொருவராக விடுவிக்கிறார். கடைசியாக அந்த நர்ஸ் பெண் விழிக்கிறாள். அவரையே வெகுநேரம் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறாள். டாக்டர் முதுகைக் காட்டி நிற்கிறார்.

"இங்க ஏதாவது எழுதியிருக்கீங்களா?" என்று மாஸ்டர் தாளைப் புரட்டினார்.

"எழுதல. அவ போகட்டும்" என்றாள் கமா.

அது ஒளிபரப்பான அன்று வீட்டில் அக்கா மூக்கைச் சிந்தினாள். மாமா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, "போயிட்டாளே, பாவி" என்று வாய்விட்டே சொன்னார்.

உடனே கல்யாணம் என்று யாரும் ஓடவில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயிற்று. இருவரும் சந்தைக்குப் போனார்கள், பஸ்ஸில் போனார்கள், மாஸ்டரின் கூரை ஒழுகியபோது ஆளுக்கொரு வாளி பிடித்தார்கள். ஒருமுறை பேச்சு முற்றி இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தார்கள். மூன்றாம் நாள் மாஸ்டர் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று, தப்பு தன் மேல்தான் என்பதைத் தன் பாணியில் சுற்றிவளைத்துச் சொல்லி முடித்தார். அவர் முடிப்பதற்குள் கமாவுக்குக் கோபம் போய்விட்டது; இருந்தாலும் கடைசிவரை கேட்டாள். அதன்பிறகுதான் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். சாட்சிக் கையெழுத்து அக்காவும் இன்ஜினியரும் போட்டார்கள். டாக்டரம்மா ஒரு மேசை விளக்கைப் பரிசாக அனுப்பியிருந்தார்.

கமாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை மட்டும் மாஸ்டர் அடியோடு நிறுத்திவிட்டார். "ஊருக்கெல்லாம் கத்துக்கொடுக்கறேன். உன்கூட உட்கார்ந்தா எனக்கு உயிரே இல்ல" என்றார். கமா வேறொரு பள்ளியில், வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசும் ஒரு பெண்மணியிடம் சேர்ந்து, ரிவர்ஸில் ஒருமுறை தோற்று, அடுத்த முறை தேறினாள்.

லைசென்ஸ் வந்த வாரத்தில் ஒரு காலை, தனியாகவே ஸ்டுடியோவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வண்டியைக் கோணலாக நிறுத்தினாள். இறங்கிப் பார்த்தாள், மறுபடி ஏறி நேராக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அன்று ஒரு கார்ட்டூன் கரடிக்கு வசனம் எழுத வேண்டியிருந்தது.